ஹெலிகாப்டரில் பயிருக்கு மருந்து தெளிக்கக் கற்க விரும்பும் இளைஞருக்கு

வாசகர் கேள்வி: நான் திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்தவன். வயது 24. வேளாண்மையில் இளநிலைப் பட்டம் முடித்துவிட்டு, இரண்டு ஆண்டுகளாக ஒரு பூச்சிமருந்து நிறுவனத்தில் களப் பணியாளராக இருக்கிறேன். அமெரிக்காவில் ஹெலிகாப்டர் ஓட்டக் கற்று, பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானியாக வேண்டும் என்பது என் ஆசை. ஒரு முகவர் மூலம் அங்குள்ள பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது. உரிமம் வாங்கியவுடன் வேலை நிச்சயம் என்று அவர் சொல்கிறார். கட்டணத்துக்காக அப்பா நஞ்சை நிலத்தை அடமானம் வைக்கத் தயாராக இருக்கிறார். அம்மாவோ, இது உயிரை வாங்கும் தொழில் என்று தடுக்கிறார். எத்தனை மணி நேரம் பறந்தால் இந்த வேலைக்குத் தகுதி வரும்? திரும்பி வந்து நம் டெல்டாவில் இதைத் தொழிலாக நடத்த முடியுமா? நான் கண்ணாடி அணிபவன், அது தடையாகுமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு வணக்கம்.

உங்கள் கேள்விகளில் அவசரமானது பணத்தைப் பற்றியது என்பதால் அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். முகவரின் வாக்கை நம்பி இப்போது நிலத்தை அடமானம் வைக்க வேண்டாம். உங்கள் ஆசை தவறு என்றோ உங்களால் முடியாது என்றோ நான் இதைச் சொல்லவில்லை. இந்தத் தொழிலுக்கு வருகிற பெரும்பாலோரிடம் இல்லாத ஒரு தகுதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதைப் பின்னால் விளக்குகிறேன். ஆனால் அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் மக்காச்சோள வயல்களுக்கு மேல் பல பருவங்கள் மருந்து தெளித்தும், புதிதாக வருபவர்களுக்குக் கற்றுக்கொடுத்தும் வருகிறவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். வணிக விமானி உரிமம் கையில் வந்த மறுநாள் எந்த முதலாளியும் ஒரு ஹெலிகாப்டரையும் ஒரு டேங்க் மருந்தையும் உங்களிடம் ஒப்படைக்க மாட்டார். உரிமத்துக்கும் அந்த வேலைக்கும் நடுவே பல ஆண்டுகள் இருக்கின்றன. அந்த ஆண்டுகளில் எங்கே இருப்பீர்கள், எதைக் கற்பீர்கள் என்பதைத்தான் முகவர் உங்களுக்குச் சொல்லவில்லை.

மணி நேரக் கணக்கு எளிமையானது. அமெரிக்க மத்திய விமான நிர்வாகமான எஃப்ஏஏ வகுத்துள்ள விதிப்படி, தனிநபர் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரமும், கூலி வாங்கிக்கொண்டு பறக்க அனுமதிக்கும் வணிக உரிமத்துக்கு மொத்தம் 150 மணி நேரமும் பறந்திருக்க வேண்டும். அந்த 150 மணி நேரத்தில் குறைந்தது 50 மணி நேரம் ஹெலிகாப்டரிலேயே பறந்ததாக இருக்க வேண்டும். வணிக உரிமத்துக்கு வயது 18 நிரம்பியிருந்தால் போதும். பயிற்சி பெரும்பாலும் ராபின்சன் ஆர்22, ஆர்44 என்ற சிறிய ஹெலிகாப்டர்களில் நடக்கும். ஆர்22-இன் ரோட்டார், அதாவது மேலே சுழலும் இறக்கைத் தொகுதி, எடை குறைவானது என்பதால், எஞ்சின் நின்றால் அதன் சுழற்சி வேகம் ஏறத்தாழ ஒரு நொடிக்குள் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அதற்குள் விமானியின் கை தானாகவே, அந்த இறக்கைகளின் கோணத்தை மாற்றும் கலெக்டிவ் நெம்புகோலைக் கீழே அழுத்தியிருக்க வேண்டும். இந்த இரண்டு மாதிரிகளுக்கும் எஃப்ஏஏ தனியாகச் சிறப்புப் பயிற்சி விதியே வைத்திருப்பது இதனால்தான். தனிநபர் உரிமம் தொடங்கி பயிற்றுநர் சான்றிதழ் வரை முடிக்க, பள்ளியைப் பொறுத்து 80,000 முதல் 1,00,000 டாலர் வரை ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்குமிடமும் சாப்பாடும் இதில் சேராது.

அடுத்து, மருந்து தெளிப்பதற்கான விதி. அமெரிக்காவில் வேளாண் வான்பணிகளைக் கட்டுப்படுத்துவது பகுதி 137 என்று அழைக்கப்படும் விதித்தொகுப்பு. அதன்படி விமானி ஓர் அறிவுத் தேர்வையும் ஒரு திறன் தேர்வையும் கடக்க வேண்டும். திறன் தேர்வில் வயலை அணுகுவது, வயல் முனையில் தாழ இறங்கிப் பயிர் மட்டத்தில் சமப்படுத்துவது, நேர்கோட்டில் தெளித்துச் செல்வது, முனையில் மேலெழுந்து திரும்புவது ஆகியவற்றோடு, ஹெலிகாப்டர்களுக்கென்றே வேகத்தை சட்டென்று குறைத்து நிறுத்தும் பயிற்சியும் உண்டு. அறிவுத் தேர்வில் என்ன கேட்கிறார்கள் என்பதை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். வேலை தொடங்குமுன் நிலத்தை எப்படி ஆய்வு செய்வது, நச்சு மருந்துகளைப் பாதுகாப்பாகக் கையாள்வதும் காலிக் கொள்கலன்களை அப்புறப்படுத்துவதும் எப்படி, அந்த மருந்துகள் பயிரையும் விலங்கையும் மனிதரையும் எப்படிப் பாதிக்கும், நஞ்சேறியதன் முதல் அறிகுறிகள் எவை, உடனடியாகச் செய்ய வேண்டிய முதலுதவி என்ன என்பவையே அதில் பெரும்பகுதி. இதற்கும் மேலாக, பெரும்பாலான மாநிலங்கள் பூச்சிக்கொல்லி தெளிப்பவருக்கான உரிமத்தில் வான்வழிப் பிரிவுக்கென்று தனித் தேர்வு நடத்துகின்றன.

உங்களிடம் இருக்கும் கூடுதல் தகுதி என்று நான் குறிப்பிட்டது இதைத்தான். நன்றாகப் பறக்கத் தெரிந்து, ஒரு பூஞ்சைக்கொல்லிக்கும் ஒரு களைக்கொல்லிக்கும் உள்ள வேறுபாடு தெரியாமல் வந்து நிற்கும் இளைஞர்கள் இங்கே நிறைய. நோயின் எந்தக் கட்டத்தில் மருந்து பலிக்கும், எந்த மருந்தோடு எதைக் கலந்தால் திரிந்துபோகும், லேபிளில் உள்ள ஒவ்வொரு வரியும் எதற்காக எழுதப்பட்டது என்பதைப் படித்தும் களத்தில் பார்த்தும் அறிந்த ஒருவரை ஒரு தெளிப்பு நிறுவனம் மதிக்கும். 1921 ஆகஸ்ட் 3 அன்று ஒஹாயோ மாநிலத்தின் டிராய் நகருக்கு அருகே, ஜான் மக்ரெடி என்ற ராணுவ விமானி ஒரு கர்ட்டிஸ் ஜென்னி விமானத்திலிருந்து கட்டால்பா மரத்தோப்பின் மேல் ஈய ஆர்சனேட் பொடியைத் தூவி, அந்துப்பூச்சியின் புழுக்களை அழித்த நாளிலிருந்தே இந்தத் தொழிலின் மையம் நஞ்சுதான். அதை வேண்டிய இடத்தில் மட்டும் விழச் செய்வதற்கே விமானி இருக்கிறார்.

தேர்வுகளை எல்லாம் கடந்த பிறகும் வாசலை மூடி வைத்திருப்பது காப்பீட்டு நிறுவனம். ஹெலிகாப்டருக்குக் காப்பீடு கொடுப்பவர், அதை ஓட்டுபவருக்கு இத்தனை மணி நேர அனுபவம் வேண்டும் என்று நிபந்தனை போடுவார். அது பெரும்பாலும் சட்டம் கேட்பதைப் போலப் பல மடங்காக இருக்கும். பல இடங்களில் 1,000 மணி நேரம் என்பதே பேச்சைத் தொடங்குவதற்கான எண். 150 மணி நேரத்தில் நிற்கும் ஒருவர் அந்த இடைவெளியை நிரப்ப வழக்கமான வழி, பயிற்றுநராகி மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதுதான். அதற்கும் ஆர்22-இல் கற்பிக்க வேண்டுமானால் ஹெலிகாப்டரில் 200 மணி நேர அனுபவம் வேண்டும். அதில் 50 மணி நேரம் அதே மாதிரியில் பறந்ததாக இருக்க வேண்டும்.

அமெரிக்கக் குடிமகனுக்கே நீண்ட வழியான இது, இந்தியக் கடவுச்சீட்டில் வரும் உங்களுக்கு இன்னும் குறுகலானது. விமானப் பயிற்சிக்கு வருபவர்கள் பெரும்பாலும் எம்-1 என்ற தொழிற்கல்வி விசாவில் வருகிறார்கள். பயிற்சி தொடங்குமுன் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையின் பின்னணிச் சோதனையையும் கடக்க வேண்டும். அந்த விசாவில் படிப்பு முடிந்தபின் நான்கு மாதப் படிப்புக்கு ஒரு மாதம் என்ற கணக்கில், அதிகபட்சம் ஆறு மாதம் மட்டுமே செயல்முறைப் பயிற்சியாக வேலை செய்யலாம். ஆறு மாதத்தில் ஒரு பயிற்றுநர் 1,000 மணி நேரத்தை எட்டுவது அரிது. பட்டப்படிப்பு கட்டாயமாகத் தேவைப்படும் பணிகளுக்கான எச்-1பி விசா, ஹெலிகாப்டர் விமானி வேலைக்குப் பொதுவாகப் பொருந்தாது. ஆகவே முகவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பள்ளியில் இந்தியக் கடவுச்சீட்டோடு படித்தவர்களில் எத்தனை பேர் இன்று வேளாண் தெளிப்பு வேலையில் இருக்கிறார்கள், அவர்களில் இருவரோடு நான் பேச முடியுமா? எழுத்து மூலமாகவே இதைக் கேளுங்கள்.

நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா ஆகிய நாடுகளிலும் இந்தத் தொழில் வலுவாக இருக்கிறது. குறிப்பாக நியூசிலாந்தின் மேட்டுநில மேய்ச்சல் பண்ணைகளில் ஹெலிகாப்டர் அன்றாடக் கருவி. அங்கே வேளாண் பறத்தலுக்குத் தனித் தரச்சான்றும் மருந்துகளைக் கையாள்வதற்குத் தனிச் சான்றும் விமானி பெற்றாக வேண்டும். உங்களுக்கு எந்த நாட்டில் சட்டப்படி வேலை செய்யும் உரிமை கிடைக்க வாய்ப்பு இருக்கிறதோ, அந்த நாட்டில்தான் பயிற்சியைத் தொடங்க வேண்டும். பள்ளியின் விளம்பரத்தைப் பார்த்து நாட்டைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

இனி வேலையைப் பற்றிப் பேசலாம். இங்கே நாங்கள் பெரிதும் செய்வது, ஜூலை மாதத்தில் மக்காச்சோளம் பூங்கதிர் தள்ளும் சமயத்தில் பூஞ்சைக்கொல்லி தெளிப்பது. சாம்பல் இலைப்புள்ளி, தார்ப்புள்ளி போன்ற நோய்கள் கதிர் முற்றுமுன் மேல் இலைகளைத் தின்றுவிடாமல் காப்பதற்கான காலம் மிகக் குறுகியது. பயிரோ ஆளுயரத்தைத் தாண்டிவிட்டிருக்கும், எல்லா டிராக்டரும் உள்ளே போக முடியாது. பரந்த திறந்த வெளிகளில் ஏர் டிராக்டர், த்ரஷ் போன்ற இறக்கை விமானங்களே வேகமாகவும் மலிவாகவும் வேலையை முடித்துவிடும். மரங்கள் சூழ்ந்த சிறு வயல், வளைந்த ஓரங்கள், பக்கத்தில் வீடு, அருகே விமான ஓடுதளம் இல்லாத இடம் ஆகியவற்றுக்கே ஹெலிகாப்டரை அழைக்கிறார்கள். ஆகஸ்ட் இறுதியில் அறுவடைக்கு முன்னரே நிற்கும் பயிருக்கு மேலிருந்து ரை என்ற தானியத்தின் விதையை, மண்ணைக் காக்கும் மூடுபயிராகத் தூவும் வேலை வரும். தென் மாநிலங்களில் பைன் காடுகளுக்கும், வாஷிங்டன் மாநிலத்தில் மழைக்குப் பின் செர்ரிப் பழங்கள் வெடிக்காமல் இருக்க மரங்களுக்கு மேல் மிதந்து நீரை உதறிவிடுவதற்கும் ஆள் தேவைப்படும். ஒரே இடத்தில் ஆண்டு முழுவதும் வேலை இருக்காது. கூலி பெரும்பாலும் ஏக்கர் கணக்கிலோ வருமானத்தில் பங்காகவோ வரும். மழை பெய்தாலும் காற்று வீசினாலும் அன்றைக்கு வருமானம் இல்லை.

ஆர்44-இன் மொத்த எடை 1,134 கிலோவைத் தாண்டக் கூடாது. இயந்திரம், தெளிப்புக் கருவி, எரிபொருள், விமானி எல்லாம் போக மருந்துக் கலவைக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 200 முதல் 250 லிட்டர். மக்காச்சோளத்துக்கு ஏக்கருக்கு இரண்டு கேலன், அதாவது ஏழரை லிட்டருக்குச் சற்று அதிகமாகத் தெளித்தால், ஒரு சுமை ஏறத்தாழ முப்பது ஏக்கருக்குத்தான் வரும். எனவே சில நிமிடங்களுக்கு ஒரு முறை திரும்பி வந்து, வயலோரத்தில் நிற்கும் கலவை லாரியின் கூரையில் அமைத்த சிறு மேடையில் இறங்கி, ரோட்டார் சுழன்றுகொண்டிருக்கும்போதே மருந்தும் எரிபொருளும் ஏற்றிக்கொண்டு மறுபடி கிளம்ப வேண்டும். ஒரு நாளில் இது பல பத்து முறை நடக்கும். ஹெலிகாப்டரின் காலாக இருக்கும் சறுக்குக்கட்டை மேடையின் விளிம்பில் மாட்டிக்கொண்டாலோ, மருந்துக் குழாயைக் கழற்றுமுன் விமானி கிளம்பினாலோ, மாட்டிய இடத்தையே அச்சாகக் கொண்டு ஹெலிகாப்டர் சில பாகைகள் சாய்ந்தவுடன் விமானி திருத்த முடியாத வேகத்தில் கவிழ்ந்துவிடும். களைத்துப்போன மாலை நேரத்தில், இன்னும் ஒரே ஒரு சுமை என்ற அவசரத்தில் இப்படி நடக்கிறது.

அந்த லாரியில் நின்று மருந்து கலந்து ஏற்றுகிறவரை இங்கே லோடர் என்கிறோம். நல்ல தெளிப்பு விமானிகள் பலர் அந்த இடத்திலிருந்துதான் வந்திருக்கிறார்கள், என்னிடம் கற்க வருபவர்களையும் ஒரு முழுப் பருவம் அங்கே நிறுத்திய பிறகே ஹெலிகாப்டரில் ஏற்றுகிறேன். தண்ணீர் எவ்வளவு நிரம்பிய பிறகு எந்த மருந்தை முதலில் ஊற்றுவது, காலி டப்பாவை மூன்று முறை அலசி அந்த நீரையும் டேங்கிலேயே சேர்ப்பது, கையுறையையும் கண்ணாடியையும் வெயில் கொளுத்தினாலும் கழற்றாமல் இருப்பது, தவறான வயலின் வரைபடம் கையில் வந்துவிட்டதா என்று இரண்டு பேர் சேர்ந்து சரிபார்ப்பது ஆகிய பழக்கங்கள் அங்கேதான் படிகின்றன. காற்று மாறுவதை விமானிக்கு முன்பே உணர்ந்து, வேலையை நிறுத்தச் சொல்லும் துணிவும் அங்கேதான் வரும்.

உங்கள் அம்மாவின் அச்சத்துக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும். இது ஆபத்தான தொழில்தான். அந்த ஆபத்தின் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் அவரிடம் நீங்கள் தெளிவாகப் பேச முடியும். முதலாவது மின்கம்பி. பயிருக்கு மேல் மூன்று மீட்டர் உயரத்தில், மணிக்குத் தொண்ணூறு, நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, வெளிறிய வானத்தின் முன் கம்பி கண்ணுக்குத் தெரியாது. அதனால் கம்பியைத் தேடாதே, கம்பத்தைத் தேடு என்று கற்றுக்கொடுக்கிறோம். கம்பத்தின் உச்சியில் இருக்கும் பீங்கான் குமிழ்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன, சாலையோர வரிசையிலிருந்து ஒரு கிளைக் கம்பி பண்ணை வீட்டுக்கோ தானியக் குதிருக்கோ பிரிகிறதா, கம்பத்தைத் தாங்கும் இழுகம்பி எங்கே தரையில் இறங்குகிறது என்பதை எல்லாம் முதலில் உயரத்தில் வட்டமிட்டுப் பார்த்து, தாளில் குறித்துக்கொண்டு, அதன் பிறகே இறங்க வேண்டும். இப்படிப் பார்த்த பின்பும் விபத்து நடக்கிறது என்பதுதான் வேதனையான உண்மை. கம்பியில் மோதிய விமானிகளில் பலர், அந்தக் கம்பி அங்கே இருப்பதை முன்பே அறிந்தவர்கள்; தெளிப்புக் கோட்டையும் அதில் நேராகப் பறக்க வழிகாட்டும் ஜிபிஎஸ் விளக்குப் பட்டையையும் கவனித்த அந்த ஒரு கணத்தில் மறந்தவர்கள். ஆகவே ஒவ்வொரு முறை அந்தப் பக்கம் திரும்பும்போதும் கம்பி என்று வாய்விட்டுச் சொல்லும் பழக்கத்தை நான் என் மாணவர்களிடம் வற்புறுத்துகிறேன். காற்றாலை நிறுவுமுன் காற்றை அளக்க நடும் ஒல்லியான கோபுரங்களும் இதே வகை ஆபத்துதான். 200 அடிக்குக் குறைவாக இருந்தால் அவற்றுக்கு விளக்கு கட்டாயமில்லை என்பதால், போன மாதம் இல்லாத ஒன்று இந்த மாதம் வயலின் நடுவே முளைத்து நிற்கும்.

இரண்டாவது, வயல் முனையில் திரும்பும் திருப்பம். முழுச் சுமையோடு, நண்பகல் வெப்பத்தில், எஞ்சினின் வலிமை எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் வேகத்தை இழந்து திரும்பினால், முன்னோக்கிய வேகம் தந்துகொண்டிருந்த கூடுதல் தூக்குவிசை போய்விடும். பின்காற்றில் தரை வேகமாக ஓடுவதைக் கண்டு, தாம் வேகமாகத்தான் போகிறோம் என்று கண் நம்பிவிடும். காற்றைப் பொறுத்த வேகமோ அபாயகரமாகக் குறைந்திருக்கும். கலெக்டிவை மேலும் இழுத்தால் ரோட்டாரின் சுழற்சிதான் குறையும். இதைப் பள்ளியில் சொல்லிக் கேட்பது வேறு, ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை திரும்பும்போது ஒவ்வொரு முறையும் அதே கவனத்தோடு செய்வது வேறு. பயிற்சி ஹெலிகாப்டரில் கிடைக்கும் 150 மணி நேரம் இதற்குப் போதாது என்று காப்பீட்டாளர் நினைப்பதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு.

மூன்றாவது ஆபத்து, மருந்துத் துளிகள் காற்றில் வேறு இடத்துக்கு அடித்துச் செல்லப்படுவது; அது விமானியை மட்டும் சார்ந்தது அல்ல. என் மனத்தை எப்போதும் அழுத்துவதும் அதுதான். மூன்று மீட்டர் உயரத்திலிருந்து மணிக்கு ஐந்து கிலோமீட்டர் என்ற மெல்லிய காற்றில் விடப்படும் 400 மைக்ரான் துளி (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இரண்டே நொடியில், மூன்று மீட்டருக்குள் விழுந்துவிடும். 100 மைக்ரான் துளி பத்து நொடி மிதந்து பதின்மூன்று மீட்டர் போகும். 20 மைக்ரான் துளி நான்கு நிமிடத்துக்கும் மேல் காற்றில் நின்று முந்நூறு மீட்டரைத் தாண்டும். நாசிலின் அளவு, அழுத்தம், அது நோக்கும் கோணம் ஆகிய சிறு விஷயங்கள்தான் துளியின் அளவைத் தீர்மானிக்கின்றன. தெளிப்புக் குழாயை ரோட்டாரின் விட்டத்தைவிடக் கணிசமாகக் குறுக்கி வைப்பதும் இதற்காகத்தான்; ஓரத்து நாசில் ரோட்டார் முனையின் சுழலில் சிக்கினால் மருந்து மேலே இழுக்கப்பட்டுப் பக்கத்து வயலுக்குப் போய்விடும். ஹெலிகாப்டரின் கீழ்க்காற்று மருந்தைப் பயிருக்குள் அழுத்தித் தள்ளும் என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். மிக மெதுவாகப் பறக்கும்போது மட்டுமே அது உண்மை; வழக்கமான தெளிப்பு வேகத்தில் ஹெலிகாப்டரின் பின்சுழலும் இறக்கை விமானத்தின் பின்சுழலைப் போலவே நடந்துகொள்ளும்.

காற்றே இல்லாத அமைதியான விடியற்காலை தெளிப்பதற்கு உகந்த நேரம் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். மார்கழி மாதக் காலையில் உங்கள் ஊரில் வைக்கோல் புகை மேலே எழாமல் வரப்பு உயரத்திலேயே படர்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் அதற்கு மேல் வெப்பமான காற்றும் மூடிக்கிடக்கும் அந்த வெப்பத் தலைகீழ் நிலையில், நுண்துளிகளும் அப்படியே தொங்கி நின்று, சிறிய அசைவு வந்ததும் கூட்டமாக நகர்ந்து, எதிர்பாராத தூரத்தில் போய் இறங்கும். பல லேபிள்கள் மணிக்கு ஐந்து முதல் பதினாறு கிலோமீட்டர் வரை காற்று இருக்கும்போது தெளிக்கச் சொல்வது, வேகமான காற்றைப் போலவே காற்றின்மையும் ஆபத்து என்பதால்தான். சிறிது புகையை விட்டு அது எந்தப் பக்கம், எந்த உயரத்தில் நகர்கிறது என்று பார்க்காமல் நான் முதல் சுமையைத் தொடங்குவதில்லை.

இந்த அக்கறை இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. காசர்கோட்டில் கேரளத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்களில் 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை எண்டோசல்ஃபான் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தது ஹெலிகாப்டர்கள்தான். தோட்டங்களுக்கு இடையிலும் சரிவுகளின் அடியிலும் மக்கள் வாழ்ந்தார்கள். அவர்கள் குடித்த நீர் திறந்த ஓடைகளிலும் சுனைகளிலும் இருந்தது. உச்ச நீதிமன்றம் 2011-இல் அந்த மருந்துக்குத் தடை விதித்தது, 2017-இல் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா ஐந்து லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2009-லேயே வான்வழித் தெளிப்பைப் பொதுவாகத் தடைசெய்து, விதிவிலக்குகளை மட்டும் அனுமதித்தது. இந்தத் தொழிலுக்கு வர விரும்பும் தமிழ் இளைஞர் ஒவ்வொருவரும் காசர்கோட்டுக்கு ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். உங்களையும் அப்படியே கேட்டுக்கொள்கிறேன்.

இந்தியச் சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளில் 43-ஆம் விதி வான்வழித் தெளிப்பைப் பற்றியது. தெளிக்கும் பரப்பை அடையாளமிட வேண்டும், அங்கீகரித்த மருந்தை அங்கீகரித்த செறிவிலும் உயரத்திலும் மட்டுமே பயன்படுத்த வேண்டும், குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும், தொடர்பில்லாத மனிதரும் விலங்கும் உள்ளே வராமல் தடுக்க வேண்டும், மருந்துகள் உடலில் ஏற்படுத்தும் விளைவுகள் உட்பட விமானி சிறப்புப் பயிற்சி பெற வேண்டும் என்று அது சொல்கிறது. இந்த விதியை வைத்துக்கொண்டு டெல்டாவை நினைத்துப் பாருங்கள். ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் என்று துண்டுபட்ட வயல்கள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு வயதில் பயிர், ஒரு வயலில் மருந்து அடிக்கும்போது அடுத்த வயலில் களை பறிக்கும் பெண்கள், வரப்பில் மேயும் ஆடு, வாய்க்காலில் வாத்துக் கூட்டம், பம்புசெட்டுக்குப் போகும் கம்பிகள். இங்கே ஹெலிகாப்டரைக் கொண்டுவர நான் உடன்பட மாட்டேன். கேரள ரப்பர்த் தோட்டங்களில் மழைக்கு முன் இலையுதிர்வு நோய்க்காகத் தாமிரப் பூஞ்சைக்கொல்லி தெளித்ததும், 2020-இல் ராஜஸ்தானில் பார்மேர் அருகே உத்தர்லாய் தளத்தில் ஒரு முறைக்கு 250 லிட்டர் மருந்து சுமக்கும் பெல் 206-பி3 ஹெலிகாப்டரை வெட்டுக்கிளிக்கு எதிராக நிறுத்தியதும் பரந்த, ஒரே வகையான நிலப்பரப்புகளில்தான். அந்த வேலைகளை நம்பி ஒருவர் ஆண்டு முழுவதும் பிழைக்க முடியாது.

டெல்டாவின் அளவுக்குப் பொருந்துவது ட்ரோன். 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி 18 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் இருந்தால், இந்திய சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ அங்கீகரித்த பயிற்சி நிலையத்தில் படித்துத் தொலைவிமானிச் சான்றிதழ் பெறலாம். 2023-இல் அறிவிக்கப்பட்ட நமோ ட்ரோன் தீதி திட்டம் 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களைக் குறிவைத்தது என்பதால் உங்களுக்குப் போட்டியும் உண்டு, கூட்டாளிகளும் உண்டு. துளி அளவு, காற்று, வெப்பத் தலைகீழ் நிலை, மருந்துக் கலவை பற்றி நான் மேலே சொன்ன அனைத்தும் ட்ரோனுக்கும் அப்படியே பொருந்தும். விழுந்து நொறுங்கினால் உயிர் போகாது என்பது மட்டும் பெரிய வேறுபாடு. நீங்கள் இரண்டு பருவங்கள் ட்ரோனில் உண்மையான வயல்களுக்குத் தெளித்து, நாள்தோறும் காற்றையும் நாசிலையும் விளைவையும் எழுதி வைத்த குறிப்பேட்டோடு வந்தால், எந்த நாட்டிலும் ஒரு தெளிப்பு நிறுவனம் உங்களை லோடராகவாவது எடுத்துக்கொள்ள யோசிக்கும். வெறும் 150 மணி நேர உரிமத்தோடு வருபவரைவிட நான் அப்படிப்பட்டவரையே தேர்ந்தெடுப்பேன்.

இந்தியாவுக்குத் திரும்பி வணிக விமானியாகப் பறக்க வேண்டுமானால் வெளிநாட்டு உரிமத்தை டிஜிசிஏ தேர்வுகள் எழுதி மாற்றிக்கொள்ள வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும் என்பது அங்கே நெடுநாளாக உள்ள விதி. வேளாண்மை படித்தவர்களில் சிலர் கணிதம் இல்லாத அறிவியல் பிரிவிலிருந்து வந்தவர்கள் என்பதால், உங்கள் மதிப்பெண் பட்டியலை இப்போதே எடுத்துப் பாருங்கள். கணிதம் இல்லையென்றால் அந்தப் பாடத்தைத் தனியாக எழுதித் தேறும் வழியை விசாரித்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி தடையில்லை. அமெரிக்க வணிக உரிமத்துக்கான இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழுக்குத் தொலைப்பார்வை ஒவ்வொரு கண்ணிலும் கண்ணாடியோடு சரியாக இருந்தால் போதும். நிறங்களைப் பிரித்தறியும் தேர்வில்தான் பலர் எதிர்பாராமல் நிற்கிறார்கள். ஆகவே எந்தப் பள்ளிக்கும் ஒரு ரூபாய் கூடக் கட்டுமுன் மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். அதோடு இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் நொதியின் அளவையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆர்கனோ பாஸ்பேட், கார்பமேட் வகை மருந்துகள் அந்த நொதியை முடக்குகின்றன. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கிப் பார்வை மங்குவது அதன் தொடக்க அறிகுறிகளில் ஒன்று; மூன்று மீட்டர் உயரத்தில் கம்பத்தைத் தேட வேண்டிய ஒருவருக்கு அது என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பின்னாளில் அளவு குறைந்ததா என்று தெரிய, பாதிப்பில்லாத நிலையின் அளவு கையில் இருக்க வேண்டும். நீங்கள் இரண்டு ஆண்டுகளாகக் களத்தில் இந்த மருந்துகளோடு பழகுவதால், குறைந்தது முப்பது நாள் அவற்றிலிருந்து விலகியிருந்து அந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள்.